சுரூபத்துக்கு எதுக்கு ஊசி

5-6-78, திங்கள்

பிரான்சின் தேசிய நாள், ஜூலை பதினாலு நெருங்குகிறது. பழைய பிரெஞ்சுப் பட்டாளத்து சொல்தாக்கள் ஒவ்வொருவராகக் கோட்டைத் தூக்கிக்கொண்டு என் தையல் கடைக்கு வர ஆரம்பித்துவிட்டார்கள். எல்லாருக்கும் ஒரே வேலைதான்: இடுப்பைப் பிரித்து விட வேண்டும். பிரான்சு இவர்களுக்குப் பென்சன் அனுப்பி வயிற்றை வளர்க்கிறது, கோட்டை வளர்க்க மட்டும் மறந்துபோகிறது. இதை ஒருத்தரிடம் சொன்னேன். அவர் சிரித்ததில் இருந்த ஒரு பட்டனும் தெறித்துவிட்டது.

நான் மெடல் சேர்ப்பதைக் கேள்விப்பட்டு, கோட்டுச்சேரியிலிருந்து ஒரு விதவை, செத்துப்போன கணவரின் மெடலைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். பழைய பாத்திரத்தோடு எடைக்குப் போட இருந்ததாம். நீலமும் வெள்ளையும் கலந்த நாடா. என்னிடம் ஏற்கனவே உள்ள வகைதான். இருந்தாலும் கறுப்பு வெல்வெட் துணியில் குத்தி வைத்தேன். துணி நிறைந்துகொண்டே வருகிறது. என் வீட்டுக்காரி சலோமி பார்த்துவிட்டு, "செத்தவங்க நெஞ்சையெல்லாம் நம்ம வீட்டுச் சுவத்துல தொங்கவிடுறீங்க" என்றாள். உயிரோடு இருக்கிறவர்கள் தர மாட்டேன் என்கிறார்களே, நான் என்ன செய்ய?

11-6-78, ஞாயிறு

பூசை முடிந்து கோவில்பத்தில் அற்புதம் அக்கா வீட்டில் சாப்பாடு. வஞ்சிர மீன் குழம்பு. சந்தனசாமி அத்தான் வழக்கம்போலப் பட்டாளத்தோடு இந்தோசீனாவில் ஆற்றைக் கடந்த கதையைச் சொன்னார். இந்த வருசம் ஆறு இன்னும் கொஞ்சம் அகலமாகிவிட்டது. "அடுத்த வருசம் கடலாயிடும் அத்தான், நீச்சல் கத்துக்கங்க" என்றேன். முறைத்தார்.

அக்கா ஜெபம் சொல்கிற பீடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தது. அங்கே மாதா படத்துக்குக் கீழே காசு மாதிரி ஒரு திருக்குடும்பச் சுரூபம் தொங்கும். சூசையப்பர், மாதா, கையில் குழந்தை. முப்பது வருசமாக அந்த இடத்தில்தான் இருக்கிறது. யாரும் தொடக் கூடாது. இன்று ஆணி ஆடுகிறது என்று கழற்றி, "பிடிடா" என்று என் கையில் கொடுத்தது.

பின்பக்கம் திருப்பினேன். சிவப்பு நாடா, நடுவில் பச்சை. மடித்துத் தைத்த நாடா. அதன் முதுகில் ஒரு ஊசி.

"சுரூபத்துக்கு எதுக்குக்கா ஊசி?"

"சேலையில குத்திக்கத்தான்."

"அப்ப குத்திக்கிறதுதானே?"

"சாமியப் போயி குத்திப்பாங்களாடா? ரீத்தாவப் பெத்துப் படுத்திருந்தப்ப உங்க அத்தான் கொண்டாந்து குடுத்தது. துரை குடுத்தாரு, வச்சுக்கன்னாரு. நான்தான் பங்குச் சாமியார்கிட்ட குடுத்து மந்திரிச்சு வாங்கி வச்சேன்."

அத்தானைப் பார்த்தேன். சோறு இலையில் பாதி இருக்கிறது, மனுசன் எழுந்து கை கழுவப் போய்விட்டார். மீன் குழம்பை அப்படி விடுகிற ஆள் இல்லை அவர்.

12-6-78

கழுத்தில் போடுகிற சுரூபத்துக்கு வளையம் இருக்கும். ஊசி இருக்காது. ஊசி வைப்பது நெஞ்சில் குத்தத்தான். தையற்காரனுக்கு இதுகூடத் தெரியாதா?

18-6-78, ஞாயிறு

மறுபடியும் அக்கா வீடு. பேப்பரும் பென்சிலும் கொண்டுபோனேன். பீடத்துக்கு முன்னால் முழங்கால் போட்டு, ஜெபம் செய்கிற மாதிரி உட்கார்ந்து சுரூபத்தில் பொறித்திருந்த எழுத்துகளை எழுதினேன். எழுதினேன் என்று சொல்லக் கூடாது, வரைந்தேன். நான் மூணாம் வகுப்பு. அதுவும் தமிழில்.

அக்கா பின்னால் வந்து நின்று, "என்னடா இது, உனக்குத் திடீர்னு பக்தி முத்திருச்சு" என்றது.

"வயசாகுதுல்லக்கா."

"எனக்கு அம்பத்தெட்டு. உனக்கு என்னடா வயசு? எந்திரி, முட்டி தேஞ்சுடப்போகுது."

20-6-78

பக்கத்துக் கடை நாகூர் மீரான் பாய் சின்ன வயதில் அவர் வாப்பாவோடு சைகோனில் துணிக்கடையில் இருந்தவர். பிரெஞ்சு படிப்பார். என் பேப்பரைக் கொடுத்தேன். இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார்.

"இது எழுத்தா, எறும்பு ஊர்ந்ததா?"

"படிங்க பாய்."

"முன்னால 'பிரெஞ்சுக் குடும்பம்'னு போட்டிருக்கு. பின்னால, 'நாடு நன்றி சொல்கிறது'. சூசை, இது உங்க நாசரேத்துக் குடும்பம் இல்லப்பா. பாரீசு குடும்பம். ஏன், அந்த ஆளுக்குத் தாடி இருக்கா?"

யோசித்துப் பார்த்தேன். தாடி இல்லை. முப்பது வருசமாக நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. நான் சூசையப்பர் பேரை வைத்திருக்கிறேனே தவிர, முகத்தை எங்கே பார்த்தேன்?

யாருக்கு நன்றி, எதற்கு நன்றி என்று கேட்டேன். பாய்க்கும் தெரியவில்லை. "குடும்பம்னு இருக்கு. ஆசுபத்திரியில பிரசவம் பாத்த குஞ்சம்மாவக் கேளு. வெள்ளைக்காரன் காலத்து ஆள்" என்றார்.

23-6-78, வெள்ளி

குஞ்சம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே பதில் சொன்னார்.

"பிள்ளை நிறையப் பெத்து வளத்த தாய்க்குக் குடுக்குற மெடல்பா அது. நம்ம ஊர்ல ரெண்டு மூணு பேருக்குத்தான் வந்துச்சு. உன் அக்கா பேரை எழுதிக் குடுத்ததே நான்தான். மேரில, அதான் நகராட்சி ஆபீசுல வச்சுக் குடுத்தாங்க. பேரைக் கூப்புட்டா புருசன் எந்திரிச்சு வர்றாரு. அம்மா எங்கன்னு துரை கேக்குறாரு. மறுபடியும் பெத்துப் படுத்திருக்காங்கன்னு சொன்னோம். துரை சிரிச்சாரு பாரு."

நானும் சிரித்தேன். வழியெல்லாம் சிரித்தேன். சிப்பாய் லீவில் வந்து வந்து போனார், மெடல் வீட்டில் இருந்தவளுக்கு வந்திருக்கிறது. அத்தானை இதை வைத்தே பத்து வருசத்துக்கு ஓட்டலாம்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் சிரிப்பு நின்றது. அக்கா தினம் அதன் முன்னால்தானே முழங்கால் போடுகிறது. ரீத்தாவுக்குக் காய்ச்சல் வந்தபோது அதைத்தான் நெற்றியில் வைத்தது. சொன்னால் அக்காவுக்குச் சாமி போய்விடும். சொல்லாவிட்டால், தனக்கு ஒரு நாடு நன்றி சொன்னது தெரியாமலே போய்ச் சேரும். என்ன செய்வது?

26-6-78

நல்ல யோசனை வந்தது. வேளாங்கண்ணியில் அசல் திருக்குடும்பச் சுரூபம் விற்கும். ஒன்று வாங்கி அங்கே மாட்டிவிட்டு, இதை நான் எடுத்துக்கொண்டால்? அக்காவுக்கு உண்மையான சாமி. என் வெல்வெட் துணிக்கு யாரிடமும் இல்லாத மெடல். பெரிய புத்திசாலி மாதிரி சலோமியிடம் சொன்னேன்.

அவள் இட்லி மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். கையை எடுக்காமலே சொன்னாள்: "அது உங்க அக்கா வயித்துல சம்பாதிச்சது. உங்க துணிக்கு எதுக்கு?"

கடைக்கு வந்து மூன்று கோட்டுக்குப் பட்டன் காஜா எடுத்தேன். மூன்றுமே கோணல்.

2-7-78, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

அக்கா கொல்லையில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தது. வேடிக்கையாக ஆரம்பித்து அப்படியே நழுவலாம் என்று பார்த்தேன், வாய் வரவில்லை. நேராகவே சொன்னேன். குஞ்சம்மா சொன்னது, பாய் படித்தது, எல்லாம். அக்கா கை நிற்கவில்லை. தலை, குடல், தலை, குடல் என்று கிள்ளிக்கொண்டே இருந்தது. பிறகு கேட்டது:

"செத்துப்போன ரெண்டையும் கணக்குல சேத்தாங்களாடா?"

எனக்கு எங்கே தெரியும்? தெரியலக்கா என்றேன். ச்சே, எதுக்குடா இந்த வேலையில எறங்குனோம்னு ஆயிருச்சு.

அடுத்த மீனை எடுத்துக்கொண்டே, "அப்ப இத்தன வருசமா நான் யாரப் பாத்துடா வேண்டிக்கிட்டிருந்தேன்?" என்றது.

"உன்னையேதான்க்கா. நீயே கேட்ட, நீயே குடுத்துக்கிட்ட."

முதலில் முறைத்தது. அப்புறம் தோள் குலுங்கியது. அழுகிறது என்று பயந்துபோனேன். சிரிப்பு. மீன் கையோடு முகத்தை மூடிக்கொண்டு அப்படி ஒரு சிரிப்பு. "சாமியாரு வேற மந்திரிச்சாரேடா, பாவம்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

திரும்பினால் வாசற்படியில் அத்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறார் தெரியவில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். சாப்பாட்டுக்கு வரவில்லை.

4-7-78

அத்தான் இரண்டு நாளாக அக்காவிடம் பேசவில்லையாம். ரீத்தா வந்து சொன்னாள். அம்மா அதற்கெல்லாம் கவலைப்படவில்லை, மெடலைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறது என்றாள். தாய்க்கும் தகப்பனுக்கும் நடுவில் நெருப்பு வைத்த பெருமை எனக்கு. இந்த வாயை முதலில் தைக்க வேண்டும்.

6-7-78, வியாழன்

அத்தான் கோட்டோடு வந்தார். போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார். நான் வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு இடுப்பைப் பிடித்தேன். கோட்டில் அவருடைய மூன்று மெடலும் தொங்குகின்றன.

கண்ணாடியைப் பார்த்தே சொன்னார்: "அன்னைக்கு மேரில என் நெஞ்சுல ஒண்ணுகூட இல்ல, சூசை. எல்லாம் பின்னால வந்ததுதான். சொல்தா நான் நிக்கிறேன், இவ பேரைக் கூப்புடுறாங்க."

என் வாயில் ஊசி. நல்லதாய்ப் போயிற்று. இல்லாவிட்டால் ஏதாவது கேலி சொல்லித் தொலைத்திருப்பேன்.

"இடுப்பு ஒரு விரல் விடு" என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு விரலாக விட்டேன்.

11-7-78

அக்கா கடைக்கு வந்தது. மெடல் எந்தப் பக்கம் குத்துவது என்று கேட்டது. இடது பக்கம் என்றேன். "அங்கதானேடா முந்தானை கெடக்கு?" இது எனக்குத் தோன்றவே இல்லை. பிரான்சுக்காரனுக்கும் தோன்றியிருக்காது. தோளில் மடிப்பை ஒட்டிக் குத்திப் பார்த்தோம். நாடா நைந்துபோயிருந்தது. அந்த நிறத்தில் என்னிடம் கிடையாது. சிவப்பு இரண்டு துண்டு, நடுவில் பச்சை என்று ஒட்டுப்போட்டுத் தைத்துக் கொடுத்தேன்.

"அத்தான் என்னக்கா சொல்றாங்க?"

"பதினாலாந்தேதி நானும் வருவேன்னேன். எங்க நிப்பன்னாரு. பொம்பளைங்க நிக்கிற நெழல்லன்னேன்."

14-7-78, வெள்ளி

போர் நினைவுத்தூண் முன்னால் சொல்தாக்கள் வரிசை. என் தையல் ஒன்றும் பிரியவில்லை, ஆண்டவருக்குத் தோத்திரம். பெண்கள் வேப்பமர நிழலில். அக்கா மயில்கழுத்து நிறப் பட்டில், தோளில் மெடலோடு. பாண்டிச்சேரியிலிருந்து வந்த பிரெஞ்சு அதிகாரி வரிசையில் கை குலுக்கிக்கொண்டே வந்தார். அத்தானிடம் வந்ததும் அத்தான் அவர் கையை விடாமல் என்னமோ சொல்லி நிழல் பக்கம் காட்டினார். பிறகு அத்தானே போய், "வா" என்று அக்காவைக் கூட்டிவந்து பக்கத்தில் நிறுத்தினார். வரிசையில். பக்கத்து சொல்தா ஒருவர் நகர்ந்து இடம் விட்டார்.

அதிகாரி மெடலைப் பார்த்துக் குனிந்து வணங்கி ஏதோ கேட்டார். அத்தான் பிரெஞ்சில் பதில் சொல்லி ஏழு விரலைக் காட்டினார்.

அக்கா அவர் கையைத் தட்டிவிட்டது. "பெத்தவ நான். நீங்க ஏன் சொல்றீங்க?" ஒன்பது விரலைக் காட்டியது.

அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அத்தான் தலையைக் குனிந்துகொண்டு, மெதுவாக இன்னும் இரண்டு விரலை நீட்டினார்.

நான் மரத்தடியில் நின்று மூக்கைச் சிந்தினேன். சலோமி, "தூசிங்களா?" என்றாள். ஆமாம் என்றேன்.

3-7-79, செவ்வாய்

வெயில். கடையில் கோட்டுக் குவியல். காலையிலேயே அத்தான் வந்தார், கையில் ஒரு பை. அக்காவின் ரவிக்கை.

"தோள்பட்டைக்கு உள்ள தடியா ஒரு துணி வச்சுத் தை. போன வருசம் மெடல் கனத்துல சேலை கிழிஞ்சிருச்சு. இந்தத் தடவ சேலையோட சேத்து இதுலயும் குத்தணும்."

"சரிங்கத்தான். உங்க கோட்டு?"

"அதுக்கென்ன அவசரம்? மொதல்ல இதைப் பாரு" என்றார்.