மூன்று கோடு போட்ட தாள்

ஜனவரி 9, வியாழன்

கையில் ஏழு முள். காதலர் தின ஏற்றுமதிக்காக ஈக்வடாரின் இந்தக் கயாம்பே ஊர் முழுக்க ரோஜா வெட்டுகிறார்கள். நாங்கள் இருபத்திரண்டு பேர் கொட்டகையில் இலை உருவிக்கொண்டிருந்தபோது தலைநகர் கித்தோவிலிருந்து எங்களுக்குப் பயிற்சி கொடுக்க வரும் வெரோனிக்கா மேடம் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். ஒரே கேள்வி, கீழே மூன்று கோடு: ஒரு வருடத்தில் இந்தப் பண்ணையில் எந்த வேலைக்குப் போக விரும்புகிறாய்?

எனக்குப் பதில் தெரியும். பசுமைக்குடிலில் பாத்தி பாத்தியாக நடந்து, இலையின் அடியில் லென்ஸ் வைத்து, சாறு உறிஞ்சும் சிலந்திப்பேனை எண்ணும் வேலை. அதைப் பார்க்கும் ராமிரோ இம்மாதத்தோடு வேலையை விட்டுப் போகிறான். உருவுகிற இலையைத் திருப்பிப் பார்ப்பது என் பழக்கம். பேன் வந்திருப்பது அவனுக்கு இரண்டு நாள் முன்பே எனக்குத் தெரிந்துவிடும். யாரிடமும் சொன்னதில்லை.

தாளில் எழுதியது: "இன்ஜினியர் உத்தரவுப்படி." பண்ணையை நடத்துவது அவர்தான்.

ஜனவரி 10

ஏன் அப்படி எழுதினேன்?

ஜனவரி 14, செவ்வாய்

பத்தொன்பது தாளில் அதே வரியாம். மேடம் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாராம். அவருக்கென்ன தெரியும்? இங்கே பெரியவர்கள் கூப்பிட்டால் "என்ன" என்று கேட்கக் கூடாது. "உத்தரவு" என்றுதான் சொல்ல வேண்டும். அம்மா மரக்கரண்டியால் பழக்கியது.

பக்கத்தில் இலை உருவும் ஹுடித் அக்கா சிரித்தாள். "ஆசையத் தாள்ல எழுதிட்டு, நாளைக்கு அவரு மூஞ்சியில எப்படிடி முழிப்ப?"

ஜனவரி 20, திங்கள்

என்னைக் கான்டீனுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே ஆள் குறைவாம். "அமைதியான பொண்ணு, அடுப்படி உனக்குச் சரியா வரும். என் உத்தரவுப்படின்னு நீதானே எழுதியிருக்க" என்றார் இன்ஜினியர் ஃபாஸ்டோ.

நான் சொன்னது: உத்தரவு. ச்சீ.

ஜனவரி 24

உருளைக்கிழங்கு. இரண்டு மூட்டை.

ஜனவரி 29, புதன்

சாப்பிட வந்த மேடத்திடம், எனக்காக இன்ஜினியரிடம் பேசுங்கள் என்று கேட்டேன். பையிலிருந்து என் தாளை எடுத்துக் கையில் கொடுத்தார்.

"நான் பேசினா அது இன்னொரு உத்தரவாயிடும், நெலி. தாள் உன்னோடது. நீயே மாத்து, நீயே குடு."

இதுதான் உதவியா? வாய் இருக்கறவங்களுக்கு ஈஸி. எனக்கு வாய் இருந்தா ஒன்பதாவதுல எழுந்து நின்னு வாசிச்சிருப்பேனே, பள்ளிக்கூடத்தையே விட்டிருக்க மாட்டேனே.

பிப்ரவரி 3

பழைய வரியை அடித்துவிட்டேன். எழுதிவிட்டேன். மூன்று நாளாக ஏப்ரனுக்குள் இருக்கிறது. மாவு ஒட்டிவிட்டது.

பிப்ரவரி 5, புதன்

கான்டீன் மேசையில் கழித்துப்போட்ட ரோஜாக்கள். ஓர் இலையில் வெளிர் புள்ளிகள். திருப்பினேன் — சிலந்திப்பேன், முட்டையோடு. கட்டின் சீட்டில் ஒன்பதாம் குடில் என்று இருந்தது. ராமிரோ போனதிலிருந்து அங்கே யாரும் பார்க்கவில்லை.

மதியம் சூப் கேட்டு இன்ஜினியர் என் பெயரைக் கூப்பிட்டார்.

"என்ன, இன்ஜினியர்?" என்றேன்.

வரிசையில் நின்ற ஹுடித் அக்கா சிலுவை போட்டுக்கொண்டாள். தாளையும் இலையையும் அவர் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். இலையை மட்டும் திருப்பிப் பார்த்தார்.

"எந்தக் குடில்?"

"ஒன்பது. இன்னைக்கே பாக்கணும்."

எழுந்து போய்விட்டார். தாள் மேசையிலேயே கிடந்தது, சூப் கறையோடு.

பிப்ரவரி 6

இன்றும் உருளைக்கிழங்கு.

பிப்ரவரி 7, வெள்ளி

ஒன்பதாம் குடிலுக்கு மருந்து அடித்துவிட்டார்களாம். கண்டுபிடித்தது யார் என்று யாரும் கேட்கவில்லையாம்! ஏப்ரனைக்கூடக் கழற்றாமல், சூப் கறைபட்ட தாளோடு இன்ஜினியர் ஆபீசுக்குப் போனேன். வாசலிலேயே நின்று சொன்னேன்: "இது என் தாள். நீங்க இன்னும் படிக்கல."

படிக்கும்வரை நின்றேன். மூன்று கோடுதான். எவ்வளவு நேரம் படிக்கிறார் மனுஷன்.

மார்ச் 10, திங்கள்

ஒன்பதாம் குடில், பதினான்காம் பாத்தி. நாற்பது இலை பார்த்தேன். மூன்றில் பேன், முட்டை இல்லை.

லென்ஸ் கயிறு கழுத்தை அறுக்கிறது. நாளைக்கு இன்ஜினியரிடம் வேறு கயிறு கேட்க வேண்டும்.