சந்தனம் காய்ந்த பிஸ்டல்

என் செல்லச் செந்திலண்ணே,

உன் பிஸ்டலைப் போன வாரம் பார்த்தேன். கோபப்படாமல் கேள். போலீஸ் ஸ்டேஷனில் அதற்குச் சந்தனம் பூசிப் பொட்டு வைத்திருந்தார்கள்.

உள்ளாட்சித் தேர்தல் வருகிறது, லைசென்ஸ் உள்ளவர்கள் எல்லோரும் துப்பாக்கியை ஒப்படையுங்கள் என்று சொன்னதும் நீயேதான் கொண்டுபோய்க் கொடுத்தாய். தேர்தல் முடிந்தது. அதைத் திரும்ப வாங்குவதற்குள் மேலூர் ரோட்டில் அந்தக் கல் லாரி உன்மேல் ஏறிவிட்டது. நீ வேலை பார்த்த கல் கம்பெனி லாரி இல்லை என்று துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். அதில் என்ன ஆறுதல் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அடுத்து ஆயுத பூசை வந்தது. நம் வீட்டில் கும்பிடவில்லை. ஸ்டேஷனில் கும்பிட்டிருக்கிறார்கள். ஏட்டய்யா என்னிடம் சொன்னார்: "தம்பி தங்கமான பிள்ளைம்மா. எல்லாத்துக்கும் பூசை நடக்கு, தம்பியோட துப்பாக்கி மட்டும் எதுக்குச் சும்மா கெடக்கணும்னு நாந்தேன் எடுத்து வச்சேன். மத்ததுக்கு ஒரு பொட்டுதேன். இதுக்குக் கொஞ்சம் கூடவே அப்பிட்டேன்."

சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. அவரிடம் நான் என்னவென்று குறை சொல்ல? ஈரச் சந்தனம் குறி பார்க்கும் தகட்டின் திருகுக்குள் இறங்கி அப்படியே காய்ந்திருந்தது. அதைச் சுற்றிச் சிவப்பாக ஏதோ பூத்திருந்தது. குங்குமம் என்றுதான் நினைத்தேன். குனிந்து பார்த்தால் துரு. என் கை தானாக நீண்டது. "தொடக் கூடாதும்மா, ஒன் பேர்ல லைசென்ஸ் இல்லைல்ல" என்றார். நியாயம்தான்.

வீட்டுக்கு வந்ததும் கருவிப் பெட்டியைத் திறந்தேன். இதற்கு லைசென்ஸ் தேவையில்லை.

நீ போட்டியில் சுட அந்த பாயிண்ட் டூ டூ பிஸ்டலைச் செகண்ட் ஹேண்டில் வாங்கி வந்த புதிதில் நம்மிடம் என்ன இருந்தது? ஒரு மொக்கை ஸ்க்ரூ டிரைவர், அம்மாவின் தேங்காய் எண்ணெய். மார்கழிக் காலையில் எண்ணெய் உறைந்து பிஸ்டல் அசையவே மறுத்தது. ரைபிள் கிளப்பில் ஒருவர், "என்ன மாப்ள, துப்பாக்கிக்குத் தலை சீவிவிட்டுக் கூட்டியாந்தியா?" என்று கேட்டாராம். நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். எனக்குத்தான் மானம் போனது. அன்றைக்கே அப்பாவின் தையல் கடையிலிருந்து மெஷின் எண்ணெயை எடுத்து வந்தேன்.

அதிலிருந்து நீ சுட்டாய், நான் பராமரித்தேன். நூலகத்தில் கிடைத்ததை எல்லாம் படித்தேன். கடையில் வாங்கும் ஸ்க்ரூ டிரைவரின் நுனி ஆப்பு மாதிரி சரிந்திருக்கும். திருகின் பள்ளத்தில் அது பொருந்தி உட்காராது. அழுத்தித் திருப்பினால் வழுக்கிப் பள்ளத்தையே தின்றுவிடும். ஒவ்வொரு திருகுக்கும் ஏற்றபடி நுனியைச் சாணைக்கல்லில் தேய்த்துத் தட்டையாக்கினேன். குழலுக்குள் விட்டுத் துடைக்க ஆரப்பாளையம் லேத் பட்டறையில் பித்தளைக் கம்பி கடைந்து வாங்கினோம். இரும்புக் கம்பி உள்ளே கீறிவிடும், பித்தளை கீறாது. இடுக்குகளுக்குப் பழைய பல் பிரஷ். கண் எட்டாத இடத்துக்குப் பல் டாக்டர் கண்ணாடி. கீழே அப்பாவின் வெள்ளை வேட்டித் துணி, துள்ளி விழும் ஸ்பிரிங் கண்ணில் படுவதற்கு.

கழற்றிய திருகுகளை வரிசை மாறாமல் வைக்க அம்மாவிடம் ஓட்டை விழுந்த இட்லித் தட்டைக் கேட்டேன். "ஏன்டி, துப்பாக்கிய அவிக்கப் போறீகளா?" என்றாள். அவளும் அந்த வேலையில் பங்காளிதான். முதலில் குண்டுகளை எண்ணி வாங்கிப் பீரோவில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகுவாள். நீ பிஸ்டல் காலி என்று திறந்து காட்டிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாய். அதற்கு முன்னால் பெட்டியின் மூடியைக்கூட நான் திறந்ததில்லை.

ஒரு தடவை கேட்டாய்: "இம்புட்டுப் பண்றியே, நீயும் சுட ரேஞ்சுக்கு வாரியா?" மாட்டேன் என்றேன். சுட ஆசையில்லாமல் இல்லை. நாலு பேர் பார்ப்பார்கள் என்றுதான். உனக்கு அது தெரிந்திருந்ததா?

இப்போது லைசென்ஸை என் பேருக்குக் கேட்கிறேன். அதற்கு அப்பா தனக்கு ஆட்சேபனை இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். அப்பாவோ விற்றுவிடலாம் என்கிறார். துப்பாக்கிக் கடைக்காரர் போனிலேயே சொல்லிவிட்டாராம், துருப்பிடித்ததென்றால் உதிரிக்குத்தான் ஆகும் என்று.

"பொம்பளப் பிள்ளை இருக்க வீட்டுல துப்பாக்கி இருந்தா எந்த மாப்பிள்ளை வருவான்?" என்று அப்பா கத்தினார்.

"வர்றவன் ஒழுங்கா இருப்பான்ல" என்றாள் அம்மா, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே. நீ போன பிறகு அவள் பேசிய முதல் வேடிக்கை அது.

"அவன் ஞாபகத்துக்குன்னா சட்டை இருக்கு, ஜெயிச்ச கப்பு இருக்கு. இது எதுக்குத்தா?" என்று அப்பா பிறகு மெதுவாகக் கேட்டார். ஞாபகத்துக்கு இல்லை, சுடுவதற்கு என்றேன். அவர் எழுந்து கடைக்குப் போய்விட்டார்.

நேற்று ஸ்டேஷனிலிருந்து பிஸ்டல் அந்தத் துப்பாக்கிக் கடைக்கே பாதுகாப்புக்கு மாறியது. அப்பா வந்தார், விலை பேச. நான் கருவிப் பெட்டியும் கையெழுத்துத் தாளுமாகப் போனேன். கடைக்காரர் தன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அந்தத் துருப்பிடித்த திருகில் வைத்து அழுத்தினார். என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"அண்ணே, அது வேணாம்ணே. பள்ளம் போயிரும்."

கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். என் முகம் சுட்டது. இருந்தும் பெட்டியைத் திறந்து நான் தேய்த்து வைத்ததை நீட்டினேன். "முதல்ல பிரஷ்ஷால சந்தனத்த எடுங்கண்ணே. ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டு ஊற விடுங்க. அப்பறம் இத வைங்க."

"நம்ம கடைக்கே வேலைக்கு வந்துரு ஆத்தா, நான் கல்லாவுல உக்காந்துக்கிறேன்" என்று சிரித்தார். ஆனால் சொன்னபடி செய்தார். டீ குடித்துவிட்டு வந்து நுனியைப் பள்ளத்தில் வைத்தார். சிக்கென்று உட்கார்ந்தது. மெல்ல ஒரு முனகல், திருகு அசைந்தது. துரு மேலோடுதான், அண்ணே. உள்ளே குழல் கண்ணாடியாக இருக்கிறது.

"என்ன வெல குடுப்பீக?" என்று கேட்க வந்த அப்பா அதைக் கேட்கவே இல்லை. என்னைப் பார்த்தார்.

"ஒனக்குச் சுடத் தெரியுமா?"

"தெரியாதுப்பா."

"அம்புட்டுப் பேரு நடுவுல நின்டு கத்துக்கணுமே. ஒனக்குக் கடைத்தெருவுல நடக்கவே கூச்சம்."

"கூச்சம்தாம்ப்பா. அதோடயே கத்துக்கிறேன்."

அப்பா சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, "எங்க போடணும், காட்டு" என்றார்.

இனி விசாரணை இருக்கிறது. ஒரு பெண்ணுக்கு எதற்கு என்று அங்கேயும் கேட்பார்கள். லைசென்ஸ் வர எத்தனை மாதமாகுமோ, வராமலேகூடப் போகலாம். மறுத்தால் மறுபடி மனுப் போடுவேன். வந்த அன்றைக்கு ரேஞ்சுக்குப் போவேன். முதல் குண்டுகள் எல்லாம் மண்மேட்டுக்குத்தான் போகும். உன் நண்பர்கள் சிரிப்பார்கள். சிரித்து முடிக்கட்டும். வீட்டுக்கு ஓடிவர மாட்டேன், அண்ணே. அடுத்த குண்டைப் போட்டுக்கொண்டு அங்கேயே நிற்பேன். இது சத்தியம்.

உன்கூடப் பிறந்தவள்,
தங்கச்சி வாசுகி
பழங்காநத்தம், மதுரை