இந்த வண்டியின் ஒரே ஏர்பேக்

அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், அப்பா, அப்பாவின் கார் மூவரும் ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறோம். உன் நலத்தைக் கேட்கவே வேண்டாம், இரண்டு கார்களை ஒப்பிட்டு இரண்டு பக்கத்துக்கு அட்டவணை போட நேரம் இருக்கிறதென்றால் சௌக்கியமாகத்தான் இருப்பாய்.

பழைய வண்டியைத் தள்ளிவிடுங்கள், மின்சாரக் கார் வாங்கித் தருகிறேன் என்கிறாய், ரொம்பச் சந்தோஷம். அது ஐந்து வினாடியில் நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொடுமாம், நம் தெருவில் தொட்டால் ரொட்டிக் கடைக்குள் போய்த்தான் நிற்கும். நம் வண்டிக்கு அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறாய், நான் நிரப்புகிறேன்: வேகம் காட்டும் முள் போன வருஷமே அறுபதில் ஒட்டிக்கொண்டுவிட்டது, வாசலில் நின்றாலும் நாங்கள் அறுபதில்தான் போகிறோம். அதில் ஏர்பேக் ஆறு, இதில் ஒன்றே ஒன்று, அது நான். அதில் பின்னால் பார்க்க கேமரா, இதில் நானே இறங்கி நின்று வா வா என்று கத்துகிறேன், நில்லுங்கள் என்றால் அப்பா இரண்டடி தள்ளித்தான் நிறுத்துவார். போன வாரம் கேட் தூணை இடித்துவிட்டு, "இது நேத்து வரைக்கும் இங்க இல்லையே" என்று தூணைக் கோபித்துக்கொண்டார்.

உன் அட்டவணையை அவரிடம் கொடுத்தேன். எழுத்து பொடியாக இருக்கிறது, நீயே படி என்றார். படத்தைப் பார்த்து, "சாம்பல் கலர் நல்லாத்தான் இருக்கு" என்றார். நீ அனுப்பியது நீல வண்டி. கண் டாக்டர் இனிமேல் வண்டியே ஓட்டக்கூடாது என்று சொல்லி ஒரு மாதம் ஆகிறது. வெளியே வந்ததும் அப்பா என்னிடம், "சொட்டு மருந்து போட்டா போதும்னுட்டார்" என்றார், நானும் உள்ளே அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததை மறந்துவிட்டு. எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. உன் அட்டவணையில் எல்லாம் இருக்கிறது, யார் ஓட்டுவது என்ற வரிதான் இல்லை. எந்த வண்டி ஆனாலும் ஸ்டியரிங்கில் அவர்தானே உட்காருவார். ஒவ்வொரு தடவையும் பயந்துகொண்டேதான் ஏறுகிறேன், தனியாக அனுப்ப மனசு வராமல்.

ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்திருக்கிறேன். இந்த வயதில் கிளட்ச் எது பிரேக் எது என்று குழம்புகிறேன், சிரிக்காதே. ஆனால் நான் கேட்டால் சாவி வராது. இத்தனை வருஷத்தில் அவர் வாயை மூடிக்கொண்டு பக்கத்து சீட்டில் உட்கார்ந்தது நீ ஓட்டியபோது மட்டும்தான். கார் எதுவும் அனுப்பவேண்டாம், நீ வா. "அப்பா, ஒரு ரவுண்டு நான் ஓட்டறேன்" என்று கேள், கேட்ட வேகத்தில் கொடுத்துவிடுவார். அப்புறம் அந்தச் சாவியை அவரிடம் திருப்பிக் கொடுக்காதே, என்னிடம் கொடுத்துவிட்டுப் போ.

நேரத்துக்குச் சாப்பிடு, மகராசனாக இரு. டாக்டர் விஷயம் உனக்குத் தெரியும் என்று போனில் உளறிவிடாதே.

இப்படிக்கு,
ஆறு ஏர்பேக் வேலையையும் ஒற்றை ஆளாகப் பார்க்கும்
உன் அம்மா