உள்ளங்கை தெரியாத தண்ணி

செஞ்சி,
செவ்வாய்க்கிழமை

தமிழினி அம்மாவுக்கு,

போன் பண்ணா நீ கட் பண்ற. அதான் எழுதுறேன். மாடு நல்லா இருக்குது. நானும் சாப்டுட்டுதான் இருக்கேன்.

நம்ம மீன் குட்டைத் தண்ணியை பாட்டில்ல புடிச்சு மீன்வளத்துறை மேடம்கிட்ட குடுத்திருந்தேன். அதுல விஷம் எதுவும் இல்லையாம். தண்ணி பச்சையா இருந்தா மீனுக்குத் தீனின்னு நான்தான் கூடை கூடையா சாணியைக் கொட்டினேனே, அதுல கண்ணுக்குத் தெரியாத பாசி அளவுக்கு மீறிப் பெருகிடுச்சாம். பகல்ல தண்ணிக்குக் காத்து குடுக்கிற அதே பாசி, ராத்திரியில இருக்கிற காத்தையெல்லாம் இழுத்துக்குமாம். விடியறதுக்குள்ள மீனுக்கு மூச்சு முட்டிடுச்சு.

நீ முன்னாடியே முழங்கை வரைக்கும் கையை விட்டுப் பார்த்து, "உள்ளங்கையே தெரியல, சாணியை நிறுத்து"ன்னு சொன்ன. "உனக்கு இன்னா தெரியும்?"னு கேட்டேன்.

மீன் செத்து மிதந்த அன்னிக்கு, சேதி கேட்டு ஓடி வந்தான் உன் தம்பி. போன மாசச் சண்டைக்காக நீதான்டா பூச்சி மருந்தை ஊத்திட்டன்னு தெருவே கேக்கக் கத்தினேன். அவன் குழி வெட்டி, மீனையெல்லாம் வெறுங்கையால அள்ளிப் பொதைச்சான். அப்புறம் உன்னைக் கூட்டிக்கிட்டு வல்லத்துக்கு பஸ் ஏறிட்டான்.

மேடம் குடுத்த பேப்பரை இதோட வெச்சிருக்கேன். அவனையும் கூட்டிக்கிட்டு வா. கத்தின தெருவுலயே மன்னிப்புக் கேக்கணும்.

மருந்து ஊத்தினவன் அந்த மீனை வெறுங்கையால தொடுவானா? அது கூட எனக்கு அன்னிக்குத் தோணல.

உன் வீட்டுக்காரன்