கினிகத்தேனை இறக்கத்தில் நியூட்ரல்

ஜூன் 8, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். பொகவந்தலாவைக் கடைத்தெருவில் குடைகள்தான் நடமாட்டம்; அடியில் ஆள் இருப்பது ஊகம். எனக்கு இட்ட வேலை: ஜீப் கழுவுதல். மழையே கழுவுகிறதே என்றேன். அம்மாவிடமிருந்து ஒரு முறைப்பு.

ஜீப் வந்து ஒரு மாதம். ஏழு சீட். ஊருக்குப் பழசு, எங்களுக்குப் புதுசு. பலசரக்குக் கடையைவிட அப்பா இதைத்தான் அதிகம் துடைக்கிறார். நான் வைத்த பெயர் கும்பகர்ணன். தின்பான், நிற்பான், மறுபடி தின்பான். தின்ற கணக்கு ஸ்டியரிங்குக்கு முன்னால் சின்னத் திரையில்: ஒரு லீற்றருக்கு எத்தனை கி.மீ. (இனி கி.லீ.). இன்று 7.4.

மத்தியானம் கண்டி மாமா சாப்பிட வந்தார். அம்மாவின் தம்பி. அவரிடமும் இதே மாதிரி ஜீப்.

"மச்சான், என்னுது பதினொன்னு குடுக்குதுங்க. உங்களது ஏழா? அது ஜீப் இல்லீங்க, பெட்ரோல் பவுசர்!"

எல்லோரும் சிரிப்பு. அதிகச் சத்தம் என்னுடையது. போதாதென்று, "பரவால்லப்பா, பாஸ் மார்க் முப்பத்தஞ்சு. இன்னும் இருவத்தெட்டுதான்!"

அப்பா சோற்றில் கிடந்த எலும்பைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். கோபமில்லை. கோபமாக இருந்திருந்தால் எனக்குப் பழக்கம்.

ஜூன் 10, செவ்வாய்

போயா, பௌர்ணமி விடுமுறை. கடை பூட்டு. நோர்வூட் வரை ஒரு கி.லீ. "டெஸ்ட்".

ஏசி கிடையாது. ஜன்னல் திறந்தால் காற்று இழுக்குமாம், அதுவும் கிடையாது. உள்ளே மூன்று பேர், ஒரு பொதி கருவாடு. கருவாட்டுக்கே மூச்சு முட்டியது.

பாரம் குறைக்க இறக்கியவை: ஸ்பெயார் டயர், ஜாக்கி, பின் சீட், அம்மாவின் பிளாஸ்க்.

"என்னையும் எறக்கி வெச்சிட்டுப் போங்க" என்றாள் அம்மா.

அப்பா ஒரு நொடி யோசித்த மாதிரி இருந்தது.

8.3.

ஜூன் 12, வியாழன்

வட்டவளைக்குச் சரக்கு. அப்பா, அம்மா, நான். ஹட்டன் தாண்டி ரோடு சரிய ஆரம்பித்ததும் அப்பா கியரை நியூட்ரலுக்குத் தள்ளினார். வண்டி தானாக உருண்டது. "மல சும்மா குடுக்குது. வாங்கிக்கத் தெரியணும்" என்றார். இங்கே பாதிப் பேர் இப்படித்தான் இறங்குகிறார்கள்.

ஆனால் அந்தப் பாதிப் பேரும் வளைவிலிருக்கும் முனியாண்டி கோயிலில் நிற்பார்கள். லொறி, பஸ், ஆட்டோ, எதுவானாலும். ஒரு சூடம், நெற்றிக்கு விபூதி, பக்கத்துக் கடையில் ஒரு பிளேன்டீ. முனிக்குச் சூடம் காட்டாமல் யாரும் அந்த இறக்கத்தில் போவதில்லை.

அப்பா நிற்கவில்லை. "நின்னு எடுத்தா, சேர்த்ததெல்லாம் அங்கயே போயிரும்." ஒரு கையால் நெஞ்சைத் தொட்டுவிட்டு விட்டார் வண்டியை. அம்மா திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

9.6.

வட்டவளையில் இறங்கியதும் ஒரு கருகல் வாடை. முன் சக்கரத்தின் மேல் தூறல் விழுந்து விழுந்து "ச்ச்… ச்ச்" என்று ஆவியானது. தோசைக் கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி.

"அப்பா, கும்பகர்ணனுக்குக் கால் சுடுது."

"ஒனக்கு எல்லாம் வெளையாட்டு."

நியாயம்தான். கல்லாப்பெட்டியில் ரப்பர் பல்லி வைத்தது யார்? மாமாவின் டீக்கு உப்புப் போட்டது யார்? சுகாதார இன்ஸ்பெக்டர் குரலில் கடைக்கு ஃபோன் போட்டது யார்? என் வார்த்தையின் கி.லீ. பூச்சியம்.

ஜூன் 15, ஞாயிறு

அக்கா வந்துவிட்டாள். வயிறு முன்னால், அவள் பின்னால். அத்தானுக்குக் கட்டாரில் வேலை. சனிக்கிழமை கண்டி ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்லியிருக்கிறார் டொக்டர்.

அப்பாவுக்கு அது வேறு கணக்கு. "போற வழியில மச்சினன் வாசல்ல நிறுத்துறேன். பன்னெண்டு காட்டும். அவன் கண்ணால பாக்கட்டும்."

இப்போது நியூட்ரலும் போதவில்லை. இறக்கத்தில் எஞ்சினையே நிறுத்துகிறார். நிறுத்தினால் ஸ்டியரிங் கல்லாகிவிடுகிறது, பிரேக்கும்தான். இன்று டிக்கோயா வளைவில் அப்பா இரண்டு காலாலும் பெடல் மேல் ஏறி நின்றார். அந்த ஒரு நொடி அவர் முகத்தில் யாருமே இல்லை. பிறகு சிரித்தார். "பாத்தியா, 11.2."

நான் சிரிக்கவில்லை. அதை அவர் கவனிக்கவும் இல்லை.

அம்மாவிடம் சொன்னேன். "அவரு ஓட்டாத ரோடா?"

அக்காவிடம் சொன்னேன். மெதுவாகச் சொன்னாள்: "வேன் புடிப்போமான்னு அப்பாகிட்ட நானே கேட்டேன், புள்ள. கண்ணு கலங்கிட்டாரு. எம் பேரப்புள்ள அடுத்தவன் வண்டியிலயா போகும்னு."

ஜூன் 18, புதன்

பனிமூட்டம். எதிர்க் கடை காணவில்லை.

ஸ்பெயார் டயரைத் திரும்ப ஏற்றினேன். அப்பா திரும்ப இறக்கினார்.

அப்பா பயப்படாதவை: அம்மா, பொலிஸ், வங்கி, டிக்கோயா வளைவு. பயப்படுவது: முனி. அது ஒன்றுதான். திருவிழாவில் யாருக்காவது சாமி வந்தால் முதலில் கை கட்டி நிற்பவர் அவர்.

ஆகவே குளியலறையில் ஒத்திகை. முடி அவிழ்த்து, நாக்கு கடித்து, கண்ணை மேலே செருகி: "ஏன்டா… என்னப் பாக்காமப் போற?"

வெளியிலிருந்து அம்மா: "வயித்தால போகுதாடி?"

ஜூன் 21, சனி

காலை. நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சை. மூன்று நசுங்கின. ஒன்று வழுக்கி, மழைத்தண்ணி ஓடும் காணுக்குள் ஓடிவிட்டது. அம்மா காணையே எட்டிப் பார்த்தாள். எனக்கே ஜோக் எதுவும் வரவில்லை.

அதே நாள். முனியாண்டி கோயிலைத் தாண்டி, ஓடும் வண்டியில். வண்டி குலுங்குகிறது, எழுத்து இப்படித்தான் வரும்.

இறக்கம் தொடங்கியதுமே எஞ்சினை நிறுத்தினார். கோயில் கொடி தெரிந்தது. கருகல் வாடையும் வந்துவிட்டது. நான் முடியை அவிழ்த்துக் கத்தினேன்.

"ஏன்டா! என்னப் பாக்காமப் போற! நில்றா!"

"சாமி!" என்று அப்பா மிதித்தார். பெடல் தரை வரை போனது. வண்டி நிற்கவில்லை. அதன் பிறகு நான் கத்தியது நடிப்பில்லை. அப்பா ஹேண்ட்பிரேக்கை இழுத்து, தேயிலை மேட்டில் உரசி, கோயிலைத் தாண்டித்தான் நிறுத்தினார். முன் சக்கரத்திலிருந்து புகை.

வேன் பிடிக்கச் சொல்லி முனி உத்தரவு போடும் என்றுதான் திட்டம். அதற்குள் அப்பா சேற்றில் விழுந்துவிட்டார். என் காலில். என் அப்பா.

டீக்கடைக்காரர் சூடம் கொண்டுவந்தார். விபூதி எல்லோருக்கும். அரை மணி நேரம் போல நின்றோம். புகை அடங்கியது.

அப்பா எழுந்து சொன்னார்: "மறிச்சதும் முனி, காப்பாத்துனதும் முனி. இனி நம்ம வண்டியிலதான் வருது. எனக்கென்ன பயம்?"

சொல்லிவிட்டேன். "அப்பா, அது சாமி இல்ல. நான்தான். நடிச்சேன். பிரேக் போகுதுப்பா. வேற வண்டி புடிப்போம்."

அம்மா என் வாயிலேயே அடித்தாள். "வாயில போட்டுக்கடி! சாமி குத்தம்!"

"சின்னப் புள்ளைங்களுக்கு வந்து போனா ஞாபகம் இருக்காதுங்க" என்றார் டீக்கடைக்காரர், மிக மரியாதையாக, என்னைப் பார்க்காமல்.

அக்கா மட்டும் என்னையே பார்த்தாள். நம்பினாள் என்று நினைக்கிறேன். ஏதோ சொல்ல வாய் திறந்தாள். வந்தது முனகல். வலி கண்டுவிட்டது.

"ஏத்து, ஏத்து! நாவலப்பிட்டிக்காவது போயிருவோம். வேனுக்கு நிக்க நேரமில்ல!" என்று கத்தினார் அப்பா.

ஓடும் வண்டியில். ரோட்டைப் பார்க்கக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன். அப்பா நெற்றி நிறைய விபூதி. "பயப்படாதீங்க, முனி முன்னாடி போகுது." கியர் நியூட்ரல். அப்படி விட்டால் இன்னும் வேகமாக உருளுமாம். அக்காவின் நகம் என் இடது மணிக்கட்டில். டயர் தண்ணீரைக் கிழிக்கும் சத்தம் மட்டும். திரையில் 12.1. அப்பா அதைப் பார்த்துவிட்டார், லேசாகச் சிரிக்கிறார். முன்னால் ஒரு பஸ். மிதிக்கிறார். மறுபடியும் மிதிக்கிறார்