பின்சக்கரம் நனைக்கும் கடல்

மே 6, செவ்வாய்

சைக்கிளைச் சமையலறைக்குள் கொண்டுவந்து சங்கிலியைத் துடைத்தேன். என்னோடு வரப்போகும் தோழி மாக்சின் எட்டிப் பார்த்து, "இவ்ளோ பளபளன்னு வச்சா நனைக்க மழைக்கே மனசு வராதுடி" என்றாள். எத்தனையோ வருடமாகப் பேசிப் பேசியே தள்ளிப்போட்ட பயணம், அடுத்த வாரம். நியூகாசிலில் ரயில் ஏறி, கார்லைலில் மாறி, மேற்குக் கரையில் ஒயிட்ஹேவன். அங்கே கடலில் பின்சக்கரத்தை நனைத்துவிட்டுப் புறப்பட வேண்டும். நாட்டைக் குறுக்கே கடந்து இங்கே டைன்மௌத் வந்ததும், கிழக்குக் கடலில் முன்சக்கரத்தை நனைத்தால் பயணம் முடிந்தது. எல்லோரும் அப்படித்தான். மேற்கிலிருந்து வந்தால்தான் காற்று முதுகைத் தள்ளும். எனக்கு இன்னொரு வசதியும் உண்டு. டைன்மௌத் கரையிலிருந்து வீடு நடக்கும் தூரம்தான். காற்றே வாசலில் கொண்டுவந்து விட்டுவிடும்.

மகன் நேதன் மாடியிலிருந்து இறங்கி வந்தான். துடைக்க விரித்திருந்த துணியை மிதித்துக்கொண்டு ஃப்ரிட்ஜுக்குப் போனான். மாக்சின் பேச்சை நிறுத்திவிட்டாள். நான் சிரித்தேன்.

ஏன் சிரித்தேன்?

மே 9, வெள்ளி

"நாலு நாள் வீட்ல யாரு?" என்று கேட்டான் நேதன்.

"நீதான். இருபது வயசாச்சு, ஒரு முட்டை பொரிச்சுக்க மாட்டியாடா?"

வேடிக்கையாகத்தான் சொன்னேன்.

காற்றடிக்கும் பம்பு மேசைமேல் இருந்தது. முதல் அடி முழங்கையில். இரண்டாவது எங்கே என்று தெரியவில்லை, அதற்குள் தரையில் கிடந்தேன். பீன்ஸ் சட்டி என் தலைக்கு மேலே சுவரில் மோதியது. சூடான சாறு கழுத்து வழியாகச் சட்டைக்குள் இறங்கியது. முடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினான். "சிரி. இப்ப சிரி பாக்கலாம்."

பிறகு அவனே டீ போட்டான். கோப்பையை என் இடது கையில் வைத்தான். வலது கை மடங்காது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. "நீதாம்மா என்னை இப்படிப் பண்ண வைக்கிற" என்று மடியில் முகம் புதைத்து அழுதான். நான் தலையைத் தடவிக்கொடுத்தேன். தடவிக்கொடுத்தேன்! இவன் அப்பாவும் இதையே சொல்லித்தான் அழுவார். அந்த ஆள் போய்விட்டார். வாக்கியம் மட்டும் வீட்டில் தங்கிவிட்டது.

மே 12, திங்கள்

நான் வேலை செய்யும் கல்லூரி நூலகத்தில் கையைப் பார்த்துக் கேட்டார்கள். சைக்கிளிலிருந்து விழுந்தேன் என்றேன். "மறுபடியுமா லோர்னா? பேசாம மூணு சக்கரம் வாங்கிடு." எல்லோரும் சிரித்தார்கள். இதைவிட நல்ல பொய் கிடைக்காது. சைக்கிள்காரியின் காயத்தை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை.

மே 14, புதன்

மாக்சின் சிரிக்கவில்லை. "என்கூட ஓட்டும்போது நீ ஒருதடவைகூட விழுந்ததில்லயே" என்றாள். அவ்வளவுதான்.

மே 16, வெள்ளி. ரயிலில்

வாயில் பஞ்சு.

ஒரு ரயிலில் இரண்டு சைக்கிளுக்குத்தான் இடம், முந்தினவர்களுக்கு. அதனால் நியூகாசிலுக்குச் சீக்கிரமே போய் இரண்டையும் ஏற்றிப் பட்டையால் இறுக்கிக் கட்டிவிட்டோம். புறப்படும் நேரத்தில் நேதன் ஏறினான். வேலைக்குப் போடும் இரும்புமுனை பூட்ஸ்.

"இறங்கு."

"எல்லாரும் பாக்கறாங்கடா—"

"இறங்குன்னேன்!"

சைக்கிளை உதைத்தான். மட்கார்டு நொறுங்கியது. நான் கைப்பிடியைக் கட்டிக்கொண்டேன். என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். பிரியாதபோது வாயில் குத்தினான். பல் ஒன்று எலுமிச்சை விதைபோல நாக்கின்மேல் கிடந்தது.

மாக்சின் சைக்கிள் பூட்டைச் சுழற்றி அவன் முட்டியில் அடித்தாள். "இன்னொரு தடவை அவமேல கை வச்ச, அடுத்த அடி தலையிலடா!" அவன் அவள் கழுத்தைப் பிடித்து ஜன்னலோடு அழுத்தினான். அவள் கண்கள் பிதுங்கின. இரண்டு பேர் பாய்ந்து அவனை இழுத்துத் தரையில் தள்ளினார்கள். அப்போது நான் என்ன கத்தினேன் தெரியுமா? "என் பையனை விடுங்க!"

கார்டு வந்தாள், தோள் அகன்ற பெண்மணி. "இவ்ளோ ரத்தம் எப்படிம்மா?"

"ஒண்ணுமில்ல. சைக்கிள்ல இருந்து விழுந்துட்டேன்."

தானாக வந்துவிட்டது. அவள் சைக்கிளைப் பார்த்தாள். பட்டையைப் பார்த்தாள்.

"கட்டிப்போட்ட சைக்கிள்ல இருந்தா, தங்கம்?"

பெட்டியில் ஒருவரும் சிரிக்கவில்லை.

அவனை நடைமேடையில் தள்ளிக் கதவை மூடினார்கள். ரயிலோடு கூடவே ஓடி வந்து கண்ணாடியில் குத்தினான். "டைன்மௌத்துல நிக்கிறேன்! எங்க சுத்தினாலும் அங்கதான வரணும் நீ!"

கார்டு ஐஸ் கொண்டுவந்து கொடுத்தாள். "கார்லைல்ல போலீஸ் நிப்பாங்க. நடந்ததைச் சொல்றீங்களா, இல்ல அங்கயும் விழப்போறீங்களா?"

சொன்னேன். கார்லைலில் போலீஸ்காரர்கள் அவன் பெயரை எழுத்துக்கூட்டச் சொன்னார்கள். நான் வைத்த பெயர். அடுத்த ரயிலைத்தான் பிடிக்க முடிந்தது. இப்போது ஜன்னல் பக்கம் கடல். அவன் காலையில் ஏதாவது சாப்பிட்டிருப்பானா?

மே 17, சனி. ஒயிட்ஹேவன்

மாக்சினின் அத்தை மகள் வீட்டில் தங்கினோம். மாடியறை காலிதான், எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு என்கிறாள். காலையில் போலீஸ்காரி போன் செய்தாள். பிடித்துவிட்டார்களாம், ஆனால் சீக்கிரமே வெளியே வந்துவிடுவானாம். "நீங்க வீட்டுக்குப் போற எண்ணத்துல இருக்கீங்களா?"

"காத்து அந்தப் பக்கம்தான் அடிக்குது" என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

துறைமுகச் சரிவில் லீட்ஸ் பக்கத்திலிருந்து வந்த ஒரு கூட்டம், பின்சக்கரங்களை நனைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. மாக்சினும் தன் வண்டியைப் பின்புறமாக உருட்டி இறக்கினாள். நான் என் வண்டியை நேராக இறக்கினேன்.

"அம்மணி, தப்பு, தப்பு!" கூட்டத்துத் தாடிக்காரர் கத்தினார். "அது முன்சக்கரம்! ஊர் போய்ச் சேர்ந்தவங்கதான் அதை நனைப்பாங்க!"

அலை வந்து கைப்பிடிவரை தெறித்தது. மாக்சின் என் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கழுத்தில் அவன் விரல்கள் நீலமாக இருந்தன.

"வாயைப் பொளந்துட்டு நிக்காம படம் எடுங்கய்யா" என்றாள் அவரிடம். "அவ சேர்ந்துட்டா."

வாயை மூடிக்கொள்ளாமல் சிரித்தேன். பல் போன இடத்தில் உப்புக்காற்று சுரீரென்று ஏறியது.