லேசரில் விழுந்த வேன்

ஜூன் 3, செவ்வாய்

பொலிஸ் ஸ்டேஷனில் சேர்ந்து மூன்று வாரம். பட்டதாரி நியமனம். போக்குவரத்துப் பிரிவில் சிங்களம்-தமிழ் மொழிபெயர்ப்பு வேலை. புது லேசர் கருவி வந்திருக்கிறது. தூரத்தில் வரும்போதே வண்டியின் வேகத்தைப் பிடித்து, படமும் எடுத்துவிடுகிறது.

காலையில் கிஷாந்த் அண்ணனின் வேனில் ஏறியதும் பேச்சு நின்றது. டவுன் கடையில் வேலை செய்யும் அம்மாக்கண்ணு அக்கா, பக்கத்துச் சீட்டில் பையைத் தூக்கி வைத்துக்கொண்டார். லிந்துலையில் பொலிஸ் நின்றது. அதைத் தாண்டினால், எதிரே வருகிற வண்டிக்கு லைட் அடித்து எச்சரிப்பது வழக்கம். அண்ணன் அடிக்கவில்லை.

"உள்ளுக்குள்ளயே அவங்க ஆளு இருக்கே!" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

ஜூன் 5

அம்மாக்கண்ணு அக்கா நேராகவே கேட்டுவிட்டார். "ஏன் புள்ள, யாரு வேகமா ஓட்டுறான்னு நீதானே போட்டுக் குடுக்கிற?"

இல்லை என்பதற்குப் பதில் மறுபடியும் சிரித்துவைத்தேன். கேம்பஸ்ல நாலு வருஷம் படிச்சு என்னத்தக் கிழிச்சேன்?

ஜூன் 8

ஞாயிறு. மழை. வெளியே போகவில்லை.

ஜூன் 12, வியாழன்

கிஷாந்த் அண்ணன் மாட்டிக்கொண்டார்; ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்தார்கள். ஐம்பதில் போகவேண்டிய இடத்தில் எழுபத்தெட்டாம். சார்ஜன்ட் சிங்களத்தில் கேட்கக் கேட்க, எல்லாவற்றுக்கும் "ஹரி மாத்தியா, ஹரி மாத்தியா" என்று 'சரி ஐயா' போட்டார். காக்கியைக் கண்டால் எங்கள் ஆட்களுக்குச் 'சரி' மட்டும்தான் வரும். அப்பாவும் தோட்டத்துத் துரைக்கு முன்னால் அப்படித்தான்.

"அண்ணே, நெசமாவே அவ்வளவு வேகமா வந்தீங்களா?" மெதுவாகக் கேட்டேன்.

"இல்ல. வேறொரு வேன் முந்திக்கிட்டுப் போச்சு. சொன்னா கோவிச்சுக்குவாங்க, விடு. இது மூணாவது தடவ. லைசன்ஸ் போச்சு. இனி தோட்டத்துல மருந்தடிக்கப் போகவேண்டியதுதான்."

அபராதத் தாளில் கையெழுத்துப் போடப் பேனையை எடுத்துவிட்டார். லேசர் படத்தைப் பார்த்தேன். இரண்டு வெள்ளை வேன்கள். குறி இருந்தது முந்திப் போகிற வேன் மேல்! சொல்வது என் வேலையில்லை, மொழிபெயர்ப்பதுதான் — அண்ணனின் பேனை பிடித்த கையைப் பிடித்துவிட்டேன். சார்ஜன்டிடம் சிங்களத்தில் சொன்னேன். சார்ஜன்ட் படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு தாளைக் கிழித்தார்.

"இதை நீயே ஏன் சொல்லவில்லை?" என்று அண்ணனிடம் கேட்டார்.

"ஹரி மாத்தியா" என்றார் அண்ணன்.

ஜூன் 13

முன் சீட்டை எனக்கென்று விட்டு வைத்திருந்தார்கள். அம்மாக்கண்ணு அக்கா எழுந்தே நின்றார்.

"உக்காருங்க மிஸ். எங்க மகன் பைக்கையும் புடிச்சு வச்சிருக்காங்க. மிஸ் சொன்னா கேப்பாங்களாமே?"

போன வாரம்வரை நான் புள்ள.

அதற்குப் பிறகு பின்னால் யாரும் வாய் திறக்கவில்லை. பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"மிஸ்ஸுக்குச் சத்தமா இருக்கா?" என்றார் கிஷாந்த் அண்ணன்.

இருக்கட்டும் அண்ணே என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பாட்டை நிறுத்திவிட்டார்.